பயப்படுவது நாயா, பிடித்திருப்பவரா?

மிதிவெடி வயலிலிருந்து வீட்டு முற்றம் வரை: கயிற்றைப் பிடித்த கையின் பதற்றம் நாயை என்ன செய்கிறது? மன்னாரிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

பேசாலைப் பக்கம் ஒரு வேப்பமர நிழல். விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடும் நாள். பத்து மணிக்கே மணல் சுடத் தொடங்கிவிட்டது. தும்புக் கயிறு, மாட்டுச் சங்கிலி, கிழிந்த சாரத் துண்டு, வலைக் கயிறு என்று கைக்கு அகப்பட்டதில் நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு சனம் வருகிறது. வலைக் கயிற்றுக்காரர்தான் அதிகம். கடற்கரை ஊர் அல்லவா.

வரிசையின் நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு கடுவன். பிடித்திருப்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்தவர் என்பதை முகமே சொன்னது. ஆனால் மருந்துப் பெட்டியைத் திறந்ததும் சங்கிலியைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டார். நாயின் முன்னங்கால் இரண்டும் நிலத்தை விட்டு எழும்பின. "இரு... இரடா... இரு எண்டு சொன்னனான்!" ஒவ்வொரு 'இரு'வுக்கும் குரல் ஒரு படி ஏறியது. நாயின் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரை சிலிர்த்து நின்றது.

"அண்ணை, கையைக் கொஞ்சம் இளக்குங்கோ" என்றார் ஊசி போட வந்த பெடியன்.

"இளக்கினா உம்மைக் கடிச்சுப்போடும், தம்பி."

"நீங்க இழுக்க இழுக்கத்தான் அது நிமிருது. ஒருக்கா இளக்கிப் பாருங்கோ."

அரை மனதோடு ஒரு சுற்றைக் கழற்றினார். நாய் முன்னங்காலை நிலத்தில் ஊன்றியது. உறுமல் நிற்கவில்லை. ஆனால் ஊசிக்காரரை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பித் தன்னைப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்த்தது. அந்த இடைவெளியில் வேலை முடிந்துவிட்டது.

அந்த நாய்க்கு ஊசி என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்தவர் அவர்தான். நாய்ப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் எந்த ஊரிலும் முதல் நாளே சொல்லும் சங்கதி இது: வகுப்புக்கு நாயைக் கொண்டு வருகிறவர் நடுங்கினால் நாய் படிக்காது. கொழும்பிலோ சென்னையிலோ அந்த நடுக்கத்தின் விலை, வகுப்புக்குக் கட்டிய பணமும் மற்றவர்களின் முன்னால் பட்ட வெட்கமும்தான். வன்னியிலும் மன்னாரிலும் விலை வேறு. நாயின் மூக்கை நம்பி மனிதர் கால் வைத்த நிலம் இது.

கழுதையும் கழுத்துப்பட்டியும்

மன்னார் பட்டினத்தில் நாயோடு நடக்கிறவருக்குக் கழுதைதான் நாளாந்தப் பரீட்சை. பஸ் நிலையத்தடியில், கடைத்தெருவில், ரோட்டு நடுவில் என்று எங்கும் நிற்கும். தூரத்தில் ஒரு கழுதைக் கூட்டம். நாய் இன்னும் காணவில்லை, நீங்கள் கண்டுவிட்டீர்கள். போன கிழமை அது குரைத்து இழுத்து, நீங்கள் சைக்கிளில் மோதப் பார்த்தது நினைவுக்கு வருகிறது. கை தானாகவே கயிற்றைச் சுருட்டுகிறது. மூச்சு நெஞ்சில் நின்றுவிடுகிறது. நடை குறுகுகிறது. பட்டி இறுகியதும் நாய் நிமிர்ந்து பார்க்கிறது. அதன் பிறகுதான் கழுதை அதன் கண்ணில் படுகிறது.

நாலைந்து தடவை இப்படி நடந்தால் போதும். பட்டி இறுகினால் கழுதை வரும் என்று நாய் படித்துவிடும். ரஷ்யாவில் பாவ்லோவ் நூறு வருடங்களுக்கு முன்னரே ஆய்வுகூடத்தில் காட்டிய பாடம்தான் இது. அதைக் கடைத்தெருவிலோ வைத்தியசாலை ரோட்டிலோ நாம் தெரியாமலேயே நடத்திக்கொண்டிருக்கிறோம். பிறகு கழுதையே இல்லாத ரோட்டிலும் கயிறு இறுகினால் நாய் உறுமும். 'எங்கட நாய்க்குக் கழுதையைக் கண்ணில காட்டேலாது' என்று வீட்டில் முடிவாகிவிடும். நாயைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

கயிறு ஒன்று மட்டும் என்றால் திருத்துவது சுலபம். பதற்றம் நாலு வழியால் இறங்குகிறது. பிடித்த கை இறுகும். குரல் மேலேறி, ஒரு தடவை சொல்ல வேண்டியதை ஆறு தடவை சொல்லும். உடம்பு விறைத்து, நாயின் மேல் குனியும். கண் ஆபத்து இருக்கும் திசையையே வெறிக்கும். மனிதரின் விரலும் பார்வையும் எங்கே போகின்றன என்று பார்த்து நடப்பதில் நாயை வெல்லும் மிருகம் அரிது. குரங்குகூட இந்த விடயத்தில் நாய்க்குப் பின்னால்தான். நீங்கள் எதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்பதை உங்கள் கண்ணே அதற்குக் காட்டிக்கொடுக்கிறது.

எங்கள் வீடுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிள்ளையைத் தமிழில் அதட்டுகிறவர் நாயை ஆங்கிலத்தில் அதட்டுவார். 'சிட்', 'கம்', 'ஸ்டொப்' எல்லாம் ஒரே சுருதியில் வரும். நாய்க்கு மொழி முக்கியமில்லை, சுருதிதான் முக்கியம். மூன்று சொல்லும் ஒரே பதற்றத்தில் வந்தால் அதன் காதில் மூன்றும் ஒரே சொல்.

மூக்கிடம் ஒளிக்க முடியாது

கையை இளக்கலாம், குரலைத் தாழ்த்தலாம், முகத்தில் சிரிப்பையும் ஒட்டிக்கொள்ளலாம். வியர்வையை என்ன செய்வது?

பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளாரா வில்சன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2022-இல் வெளியிட்ட பரிசோதனை இதைத்தான் கேட்டது. 36 பேரிடம் முதலில் மூச்சும் வியர்வையும் துணியில் எடுத்தார்கள். பிறகு ஒரு கடினமான மனக்கணக்கு: 9,000-இலிருந்து 17 17-ஆகக் கழித்துக்கொண்டே வரவேண்டும், வாய்விட்டுச் சொல்லவேண்டும், பிழைத்தால் எதிரே இருப்பவர் முகத்திலடித்தாற்போல் சொல்லுவார். கணக்கு முடிந்த கையோடு மறுபடி துணி. ஒரே ஆளின் 'முந்திய' மணத்தையும் 'பிந்திய' மணத்தையும் நாய்கள் பிரித்தறிகின்றனவா என்று பார்த்தபோது, 720 தடவையில் 675 தடவை சரியாகச் சொல்லின. அதாவது 93.75 வீதம். முன்பின் தெரியாத ஆட்கள், துணியில் எடுத்த மணம். அவ்வளவுதான் நாய்க்குத் தேவைப்பட்டது.

மணம் பிடிப்பது ஒன்று, அதனால் மனம் மாறுவது இன்னொன்று. அதற்கு பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2024-இல் விடை தேடியது. 18 நாய்கள். ஒரு மூலையில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் சாப்பாடு இருக்கும், மறு மூலையில் இருக்காது என்று முதலில் பழக்கினார்கள். பிறகு கிண்ணத்தை இரண்டுக்கும் நடுவில் வெவ்வேறு இடங்களில் வைத்தார்கள். நம்பிக்கை உள்ள நாய் ஓடிப்போய்ப் பார்க்கும், நம்பிக்கை இழந்த நாய் 'என்னத்துக்கு' என்று நின்றுவிடும். பதற்றப்பட்ட மனிதரின் வியர்வையை முகர்ந்த நாய்கள், வெறும் கிண்ணப் பக்கமாக இருந்த சந்தேக இடத்துக்குப் போகத் தயங்கின. அந்த மனிதர் அறையில்கூட இல்லை.

பயிற்சி வகுப்பில் இதைப் பொருத்திப் பாருங்கள். நாய் புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பதே 'செய்தால் ஏதாவது கிடைக்கும்' என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையை உங்கள் வியர்வை கரைத்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் 'நாய் பிடிவாதம் பிடிக்குது' என்று தெரியும். இதே பரிசோதனையில் ஒரு முரணும் வந்தது: பதற்ற மணம் இருந்தபோது எந்த மூலையில் சாப்பாடு, எதில் இல்லை என்பதை நாய்கள் இன்னும் வேகமாகப் படித்தன. பதற்றம் நாயை முட்டாளாக்குவதில்லை. கவனத்தைக் கூட்டி, துணிவைக் குறைக்கிறது. படிப்பு நடக்கிறது, ஆனால் நாம் நினைத்த பாடத்தில் அல்ல.

▣ பெட்டிச் செய்தி: மயிரில் எழுதிய கணக்கு

சுவீடனின் லிங்ஷேப்பிங் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு. 58 மேய்ச்சல் நாய்கள்: 33 ஷெட்லண்ட் ஷீப்டோக், 25 போர்டர் கொலி. நாயின் மயிரும் உரிமையாளரின் மயிரும் எடுத்து, அதில் படிந்திருந்த கோர்ட்டிசோல் அளவு பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது உடம்பு சுரக்கும் இது, மயிர் வளர வளர அதில் சேர்ந்து, பல மாதக் கணக்கைக் காட்டும். உரிமையாளரின் அளவு ஏறிய இடத்தில் நாயின் அளவும் ஏறியிருந்தது. நாயின் குணத்தை விட உரிமையாளரின் குணத்தோடுதான் அதற்குத் தொடர்பு அதிகம்.

2021-இல் அதே பல்கலைக்கழகம் வேறு நாய்களைப் பார்த்தது: தனித்து வேட்டையாடும் இனங்கள், மனிதர் அதிகம் கலப்புச் செய்யாத பழைய இனங்கள். அவற்றில் இந்த ஒத்தசைவு தெரியவில்லை. மனிதரோடு நெருங்கி வேலை செய்யவென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த நாய்கள்தான் மனிதரின் பதற்றத்தையும் தோளில் வாங்கிக்கொள்கின்றன.

மிதிவெடி வயலில்

மேய்ச்சல் நாயும் வேலை நாயும்தான் பதற்றத்தைத் தொற்றிக்கொள்கின்றன என்றால், நாம் உயிரை ஒப்படைப்பதும் அதே வகை நாய்களிடம்தான். மலினோய், ஜேர்மன் ஷெப்பர்ட், லப்ரடோர்.

மன்னார்த் தீவைத் தாண்டிப் பெருநிலப் பக்கம் வந்தால் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் பரந்த வயல்வெளி. வடக்கின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. அடம்பனும் மடுவும் விடத்தல்தீவும் 2008-இல் போர்முனையாக இருந்தன. அதற்கும் முன்னரே, 2002 போர் நிறுத்தத்தின் பின், இந்திய இராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களைக் கொண்ட ஹொரைசன், சர்வத்ரா ஆகிய அமைப்புகள் மன்னாரில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தன. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் முதலாம் திகதிக்குள் வேலை முடிய வேண்டும்.

ஏன் நாய்? இங்கே புதைத்த வெடிகளில் பல, கருவிக்கு அகப்படாத ரகம். பாகிஸ்தான் தயாரிப்பான பி4 பிளாஸ்டிக் உடம்பு கொண்டது, இரும்பு கொஞ்சம்தான். புலிகள் செய்த 'ஜொனி'யோ மரப் பெட்டி. உலோகம் தேடும் கருவியைக் கூட்டி வைத்தால் ஆணி, சன்னம், மீன் தகரம் எல்லாவற்றுக்கும் கத்தும். குறைத்து வைத்தால் வெடியையே விட்டுவிடும். அதனால்தான் நீண்ட பிடி போட்ட இரும்பு வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாரி எடுக்கும் முறை இலங்கையில் உருவாகி வேரூன்றியது. நாய்க்கு இரும்பு தேவையில்லை. வெடிமருந்தின் ஆவி மண்ணுக்கு மேல் கசிந்தால் போதும். அமெரிக்க நிதியோடும் மார்ஷல் லெகசி நிறுவனத்தின் ஏற்பாட்டிலும் பழக்கிய நாய்கள் இலங்கை இராணுவத்தின் மனிதாபிமான மிதிவெடி அகற்றும் பிரிவுக்கு வந்து சேர்ந்தன.

வேலை நடக்கும் விதம் இது. நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்திருப்பார்கள். கையாளுநர் ஏற்கெனவே துப்புரவாக்கிய பாதையில் நிற்பார். நாய் நீண்ட கயிற்றில் நேர்கோட்டில் போய், மூக்கை நிலத்தோடு வைத்துத் திரும்பி வரும். மணம் கிடைத்தால் குரைக்காது, தோண்டாது, அந்த இடத்தில் அப்படியே இருந்துவிடும். அதே சதுரத்தை இரண்டாவது நாயும் பார்க்கும். சந்தேக இடத்தைக் கையால் தோண்டிப் பார்ப்பவர் பிறகு வருவார். மன்னாரில் இன்னொரு எதிரியும் உண்டு: காற்று. தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்பினால் தீவின் தென்கரையில் 2020-இல் நட்ட காற்றாலைகள் சுழன்று தள்ளும், வயலில் மணம் நிற்காது. வெயில் ஏறினால் நாய் வாயால் இரைக்கும். இரைக்கிற நாய் சரியாக முகராது. ஆகவே விடியற்காலை சில மணி நேரம்தான் உருப்படியான வேலை.

கையாளுநருக்கு இரண்டு பயம். முதலாவது, தன் நாய் வெடியை மிதித்துவிடுமோ என்பது. காலையும் மாலையும் குளிப்பாட்டி, மயிர் வாரி, சோறூட்டி வளர்த்த நாய். இரண்டாவது, நாய் ஒன்றை விட்டுவிட, நாளைக்கு ஒரு கமக்காரன் அதில் கால் வைத்துவிடுவானோ என்பது. இரண்டும் நியாயமான பயம், இரண்டும் கயிற்றில் இறங்கும். ஆனால் இறங்கியபின் நாயை எதிரெதிர்த் திசையில் தள்ளும்.

தன் நாய்க்காகப் பயப்படுகிறவர் அதைச் சீக்கிரம் திருப்பி இழுப்பார். கோடு முடியுமுன்னரே கயிறு இறுகும். நாய் விளங்கிக்கொள்வது: 'வேகமாகப் போ, வேகமாக வா.' வேகமாகப் போகிற மூக்கு விட்டுவிடும். விட்டுவிடுமோ என்று பயப்படுகிறவரோ, நாய் எங்காவது ஒரு கணம் தயங்கினாலும் தானும் மூச்சைப் பிடித்து நிற்பார். அந்த நிற்பே நாய்க்கு ஒரு கேள்வியாகிவிடும்: 'இங்கே இருக்கவா?' இருக்கும். இருந்தால் பரிசாகப் பந்து கிடைக்கும் என்பது அதற்குத் தெரியும்.

பொய் அறிகுறியால் யாருக்கும் கால் போகாது என்று நினைக்கலாம். போகாதுதான். ஆனால் ஒவ்வொரு பொய் இருப்புக்கும் ஒரு மனிதர் முழங்காலிட்டு, முகக்கவசத்துக்குள் வியர்த்து, அங்குலம் அங்குலமாகத் தோண்டவேண்டும். கடைசியில் ஒன்றும் இராது. அப்படி நாளொன்றுக்குப் பல தடவை நடந்தால் தோண்டுகிறவர் நாயை நம்புவதை விட்டுவிடுவார். என் கணிப்பில் பெரிய ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது: நாய் சரியாகச் சொல்லும் நாளிலும் 'அது எப்பவும் இப்படித்தான்' என்ற அலட்சியம்.

அதனால் மிதிவெடி அகற்றலுக்கான சர்வதேச நியமங்கள் நாய்க்கு மட்டும் சான்றிதழ் கொடுப்பதில்லை. நாயும் கையாளுநரும் சோடியாகப் பரீட்சைக்கு நிற்கவேண்டும். செயலிழக்கச் செய்த வெடிகளைப் பல மாதங்களுக்கு முன்பே பரீட்சைத் தரையில் புதைத்து, மணம் மண்ணில் ஊற விட்டிருப்பார்கள். எங்கே புதைத்தது என்று கையாளுநருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் ஒன்றும் செய்யாமலே காட்டிக்கொடுத்துவிடுவார்.

பெர்லினில் ஒரு குதிரை

கூட்டல் கழித்தல் போடும் குதிரை என்று 1904-இல் பெர்லினே திரண்டு பார்த்த 'புத்திசாலி ஹான்ஸ்' கதை இங்கே பொருந்தும். ஓய்வு பெற்ற ஆசிரியர் வில்ஹெல்ம் வொன் ஓஸ்டன் கேள்வி கேட்பார், குதிரை குளம்பால் தட்டி விடை சொல்லும். மோசடி எதுவும் இல்லை என்று குழுவொன்று ஒப்புக்கொண்டது. பிறகு ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஒரு சின்ன மாற்றம் செய்தார்: விடை தெரியாத ஆளைக் கேள்வி கேட்க வைத்தார். குதிரை தட்டிக்கொண்டே போனது. விடை தெரிந்தவர்கள், சரியான எண் வந்ததும் தங்களை அறியாமல் தலையை இம்மியளவு அசைத்திருக்கிறார்கள். குதிரை படித்தது கணக்கை அல்ல, கேட்டவரை. ஃபுங்ஸ்ட் 1907-இல் இதை எழுதி வெளியிட்டார். மோப்ப நாய்க்கு, விடை கையாளுநருக்குத் தெரியாத பரீட்சை வைப்பவர்கள் இன்றும் அந்தக் குதிரைக்குக் கடன்பட்டவர்கள்.

சிவப்புக் காகிதம்

நாய்க்கும் இதே கதைதான் என்பதை லீசா லிட் என்பவரும் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழுவும் 2011-இல் காட்டினார்கள். இடம் ஒரு தேவாலயக் கட்டடம். போதைப்பொருளோ வெடிமருந்தோ தேடப் பழகிய 18 நாய்ச் சோடிகள். சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டி, 'இது இருந்தால் அங்கே சரக்கு இருக்கிறது' என்று கையாளுநர்களிடம் சொன்னார்கள். வேறு சில இடங்களில் நாயை இழுக்கவென்று இறைச்சியும் ரெனிஸ் பந்தும் ஒளித்து வைத்தார்கள். உண்மையில் கட்டடம் முழுவதும் சரக்கு ஒரு கிராம்கூட இல்லை. 144 தேடல் நடந்தது. 'ஒன்றும் இல்லை' என்று சரியாக முடிந்தது 21 மட்டும். மொத்தம் 225 பொய் அறிகுறிகள். அவை அதிகம் குவிந்தது இறைச்சி இருந்த இடத்தில் அல்ல, காகிதம் ஒட்டிய இடத்தில். காகிதத்தின் அர்த்தம் தெரிந்தவர் மனிதர்தான்.

அதை மன்னாருக்குக் கொண்டு வாருங்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி கூப்பிடு தூரம். கேரளக் கஞ்சாவும் பீடி இலையும் மஞ்சளும் இந்தக் கரையில் பிடிபடாத மாதம் அரிது. 2022-இல் திருத்திய போதைப்பொருள் சட்டத்தின்படி 'ஐஸ்' ஐந்து கிராம் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை வரை போகலாம். 2023 டிசம்பரில் பொலிஸாரின் போதைப்பொருள் வேட்டையான 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபின் வீட்டுச் சோதனையும் ரோட்டுச் சோதனையும் நாடெங்கும் பெருகின. இலங்கைப் பொலிஸின் நாய்ப் பிரிவுத் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. அங்கே பழகும் நாய்களின் மூக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேள்வி வேறு: நாய் பஸ்ஸில் ஏறுமுன்னரே கையாளுநரின் மனதில் சிவப்புக் காகிதம் யார் நெற்றியில் ஒட்டியிருக்கிறது?

போர்க்காலத்தில் மதவாச்சிச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பொதியைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டிய தலைமுறை இன்னும் மன்னாரில் உயிரோடு இருக்கிறது. சீருடையைக் கண்டதும் வியர்க்கும் உடம்பு அது. குற்றம் செய்யாமலே வியர்க்கும். கையாளுநர் அந்த வியர்வையைச் சந்தேகமாகப் படிப்பார். நாயின் மூக்கில் பயணியின் பயமும் ஏறும், தன் ஆளின் இறுக்கமும் ஏறும். இரண்டுக்கும் நடுவில் நின்று அது ஒருவரின் பையடியில் இருந்துவிட்டால், பையைத் திறந்து பார்க்க அது ஒரு காரணம், அவ்வளவுதான். சாட்சி அல்ல. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2013-இல் ஃபுளோரிடா எதிர் ஹரிஸ் வழக்கில், பழகிய நாயின் அறிகுறி சோதனைக்குப் போதிய காரணம் என்று பொதுவாக ஏற்றது. ஆனால் அந்த நாய் எப்படிப் பழகியது, எப்படிப் பரீட்சிக்கப்பட்டது என்று எதிர்த்தரப்பு கேட்கலாம் என்றும் சொன்னது. எங்கள் நீதிமன்றங்களில் அந்தக் கேள்வியைச் சட்டத்தரணிகள் கேட்கப் பழகவேண்டும்: 'பரீட்சையில் எங்கே ஒளித்திருக்கிறது என்று கையாளுநருக்குத் தெரியுமா, தெரியாதா?'

குரைப்பைக் கேட்டு விழித்த ஊர்

மன்னார் வீட்டு நாய்க்குச் சான்றிதழ் ஒன்றும் தேவையில்லை. பகலில் முற்றத்து மணலில் குழி பறித்துப் படுக்கும், இரவில் படலையடியில் நிற்கும். ஆனால் அந்த நாயோடு வாழ்கிறவர்களின் நரம்பு சாதாரண நரம்பு அல்ல. போர்க்காலத்தில் இரவு நாய் குரைத்தால் அது ஒரு தகவல்: யாரோ வந்திருக்கிறார்கள். எழும்பி விளக்கை அணைப்பார்கள், பெடியளைப் பின்வளவால் அனுப்புவார்கள். 2011 ஓகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வருகிறார்கள் என்ற 'கிறீஸ் பூதம்' பீதி பரவியபோது, போர் முடிந்து இரண்டு வருடமான பின்னும், ஊர் ஊராக மனிதர் பொல்லோடு விழித்திருந்தது நாயின் குரலைக் கேட்டுத்தான்.

அப்படிப்பட்ட வீட்டில் நாய் குரைத்ததும் மனிதர் துள்ளி எழுவார். மனிதர் எழுவதைக் கண்டு நாய் இன்னும் குரைக்கும். யார் யாரை எழுப்புகிறார் என்று பிரிப்பது கஷ்டம். பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்கிறார்கள். நாயைக் கண்டதும் கையை உயர்த்தி ஓடும் பிள்ளையை நாய் துரத்துகிறது. துரத்திய நாய்க்குக் கல் விழுகிறது. கல்லெறி வாங்கிய நாய் அடுத்த பிள்ளையைத் தூரத்திலேயே கண்டு உறுமுகிறது.

இது வெறும் மனக்கவலை அல்ல, சுகாதாரப் பிரச்சினையும்தான். இலங்கையில் 1973-இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுப் போட்டே இன்று அது வருடத்துக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. மிச்சமிருக்கும் எண்ணையும் பூச்சியமாக்க, நாயை ஊசிக்குப் பிடித்துக் கொடுக்க ஒரு கை வேண்டும். 'எங்கட நாயைப் பிடிக்கேலாது' என்று ஊசிக்குக் கொண்டு வராமல் விடும் வீடுகளும் அதில் ஒரு ஓட்டை. நாயைப் பிடிக்க முடியாமல் இருப்பதில் பாதி, பிடிக்கப் போகிறவரின் பயம்.

▣ பெட்டிச் செய்தி: கயிற்றைக் கையில் எடுக்குமுன்

கயிற்றைக் கையில் சுற்றவேண்டாம். நாய் பாய்ந்தால் விரல் முறியும், அந்த எண்ணமே கையை இறுக்கும். பிடியை உள்ளங்கையில் மடித்து வைத்து, நடுவில் கயிறு தொய்ந்து தொங்க விடுங்கள்.

சொல்வதை ஒரு தடவை சொல்லுங்கள். பிறகு வாயை மூடி, மூச்சை முழுவதுமாக வெளியே விடுங்கள். இரண்டாவது தடவை சொல்லத் துடிக்கும் நேரம்தான் நாய் யோசிக்கும் நேரம்.

கழுதையோ வேறு நாயோ தூரத்தில் தெரிந்தால், பட்டி இறுகுமுன் வளைந்து மறுபக்கம் நடவுங்கள். நாய் அமைதியாக இருக்கும் தூரத்தில் நின்று ஒரு துண்டு கருவாடோ இறைச்சியோ கொடுங்கள். நாளைக்கு ஒரு பாகம் கிட்டப் போகலாம்.

பயந்த நாயை அடிக்கவேண்டாம். பயத்துக்குக் காரணம் கழுதை என்று இருந்தது, இனி நீங்களும் என்றாகும்.

நாயை விட்டு மனிதரைப் பழக்குதல்

நல்ல பயிற்சியாளர்கள் முதல் நாட்களில் நாயைத் தொடுவதே குறைவு. மனிதரை நாயில்லாமல் நடக்க வைப்பார்கள். கயிற்றின் மறுமுனையை இன்னொரு ஆளின் கையில் கொடுத்து, கண்ணை மூடச் சொல்லி, 'இப்ப இவர் எப்ப பயந்தார் எண்டு சொல்லுங்கோ' என்று கேட்பார்கள். மனிதருக்கே அது தெரிந்துவிடும். மோப்ப நாய்ப் பிரிவுகளில் ஒளிப்பவர் ஒருவர், தேடுபவர் ஒருவர். ஒளித்த இடம் தெரிந்த ஆள் அந்தப் பக்கமே நிற்கமாட்டார். ஒன்றுமே ஒளிக்காத வெறும் அறைகளையும் பயிற்சியில் நடுவே சேர்ப்பார்கள். 'ஒன்றும் இல்லை' என்று திரும்பி வரும் நாய்க்கும் அதன் ஆளுக்கும் அதுவும் ஒரு வெற்றி என்று பழகவேண்டும்.

பயத்தை ஒளிக்கச் சொல்லும் பயிற்சியாளரை நான் நம்பமாட்டேன். பெல்ஃபாஸ்ட் நாய்கள் அதற்கு இடமே வைக்கவில்லை. செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, பயத்துக்குக் காரணமான நேரத்தைச் சின்னதாக்குவது: அரை மணி வகுப்பைப் பத்து நிமிடமாக்குவது, கூட்டமான இடத்தைத் தவிர்த்து வெறும் கடற்கரையில் தொடங்குவது. மற்றது, ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் ஒரே செயலைச் செய்வது. தலையில் யோசிக்க இடமில்லாமல் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகினால், பதற்றம் வந்தாலும் கயிற்றுக்கு இறங்கும் வழி குறையும். மிதிவெடி வயலில் எல்லாவற்றுக்கும் எழுதிய ஒழுங்கு இருப்பது இதற்காகவும்தான். வீட்டில் சண்டை போட்டு வந்த நாளில், காய்ச்சல் நாளில் நாயைக் கூட்டில் விட்டுவிடச் சொல்லும் மேற்பார்வையாளர் சோம்பேறி அல்ல, வேலை தெரிந்தவர்.

இன்னொன்று வீட்டில் செலவில்லாமல் செய்யலாம். கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். அநேகமான வீடுகளில் நாய் சொல்வழி கேட்கும் ஆள் ஒருவர் இருப்பார். அது பெரும்பாலும் குரல் உயர்ந்த ஆளாக இராது. அடுப்படியில் நின்றபடி திரும்பிப் பாராமலே 'போ அங்கால' என்று சொல்லும் அம்மம்மாவாக இருக்கலாம், ஐந்தாம் ஆண்டு படிக்கும் பெட்டையாக இருக்கலாம். அவருக்கு நாயிடம் ஒன்றும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு கிழமை அவர் பிடிக்கட்டும், நீங்கள் இரண்டு அடி பின்னால் கையை வீசிக்கொண்டு நடவுங்கள். இரண்டாவது கிழமை கயிற்றை வாங்கும்போது நாய் ஒருதரம் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் கழுதையைத் தேடிக்கொண்டிருந்தால், இன்னும் ஒரு கிழமை அம்மம்மாவே பிடிக்கட்டும்.